கத்தரினின் துணிக்கொடி

சுங்கை சிப்புட்,
3 ஜூன் 2024

கார்மெனுக்கு,

கடிதம் எழுதினால் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சுவர்ணா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கப் போவதில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன்.

என் கையால் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கோவில் ஹாலில் சுவர்ணா டீச்சர் நடத்தும் சனிக்கிழமை எழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. முதல் கடிதத்தை உனக்கு நல்லவிதமாக எழுதி, தபாலில் போட்டு, நீ பிரித்துப் பார்த்து ஆச்சரியப்படுவதை நினைத்துச் சந்தோஷப்படலாம் என்று வைத்திருந்தேன். அதை நீயே கெடுத்துக்கொண்டாய்.

போனில் திட்டலாம்தான். பாதி சொல்வதற்குள் "ப்பா, மீட்டிங் இருக்கு லா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதப் படித்ததில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் குடியிருக்கிற தோட்டத்து லயத்தை உடைக்கப் போகிறார்கள். தோட்டத்தை வாங்கின, வீடு கட்டி விற்கிற கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. லயத்தில் மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு புதிதாகக் கட்டும் வரிசை வீடு தருகிறார்களாம். இந்த மாசம் முடிவதற்குள் கம்பெனியின் வெப்சைட்டில் பெயரைப் பதிய வேண்டும். பதியாதவனுக்கு வீடு இல்லை.

இங்கே மாதா கெபிக்குப் பக்கத்தில்தான் கொஞ்சமாவது போன் லைன் கிடைக்கும். நேற்று எல்லாரும் அங்கே கூடினோம். பக்கத்து வீட்டு வீரம்மா போனைப் பிடித்துக்கொண்டாள். 'பழைய குடியிருப்பாளர்' என்று எழுதியிருந்த பொத்தானை நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். ஊரே என்னைப் பார்த்தது. அவள் அமுக்கினாள். பக்கம் வரவில்லை. உன் அம்மா வந்தாள்.

கைலியைத் தூக்கிச் செருகியிருந்தாள். வாயில் கிளிப்பைக் கவ்வியிருந்தாள். வாளியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினாள். உதறும்போது தண்ணீர் தெறிக்காமல் முகத்தை இடது தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள். போன் திரையில் அசைகிற பொம்மைதான், மூக்குக்கூட இல்லை. ஆனால் அந்தத் திருப்பல் கத்தரினுடையது. வேறு எவளுக்கும் அது வராது.

வீரம்மா போனைக் கீழே விடப் பார்த்தாள். "அண்ணே, இது நம்ம அக்கா" என்றாள்.

ஈப்போவில் நீ கம்ப்யூட்டரில் ஏதோ படம் செய்கிற வேலையில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கம்பெனிக்கே செய்வாய் என்று தெரியாது. உன் அம்மா பங்களாவில் துரைமார் துணியைத் துவைத்தே பாதி ஆயுளைக் கழித்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால் சோறு தின்றாள். அவளை அடக்கம் பண்ணி மூன்று வருஷம் ஆகிறது. இப்பவும் அவள் கம்பெனிக்காரனுக்குத் துணி காயப்போட வேண்டுமா? யாரைக் கேட்டு அவளை அங்கே நிறுத்தினாய்?

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன்.

அப்பா

*

ஈப்போ,
8 ஜூன் 2024

அப்பா,

நீங்கள் எழுதினீர்கள் என்பதை நம்ப முடியாமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு வாசித்தேன். கோபம் வந்துவிட்டது. அதனால் நானும் நலம் கேட்கவில்லை.

யாரைக் கேட்டு என்கிறீர்கள். அவர் எனக்கும் அம்மா. வரைய எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. "ஈப்போவில டைப் அடிக்குது" என்றுதான் எல்லாரிடமும் சொன்னீர்கள். இப்போது சொல்கிறேன், வாசியுங்கள். ஒரு பக்கம் திறக்க நேரம் எடுக்கும். அதுவரை வெறும் திரையைக் காட்டினால் மனுஷன் எரிச்சல்பட்டு மூடிவிட்டுப் போவான். அந்த இடைவெளியில் ஓடுகிற சின்னப் படம்தான் நான் செய்வது. எல்லாரும் ஒரு வட்டத்தைச் சுற்ற விடுவார்கள். வட்டத்தை எவன் ஞாபகம் வைத்திருப்பான்? கண்ணுக்கு முன்னால் ஒரு வேலை கொஞ்சம் கொஞ்சமாக முடிவது தெரிந்தால் காத்திருப்பது கனக்காது. அதனால் கொடியை வைத்தேன். ஒவ்வொரு துணியாக ஏறும். கொடி நிறைந்ததும் பக்கம் திறக்கும்.

எங்கள் முதலாளி எரிக், வீட்டுக் கம்பெனிக்கு மறக்க முடியாத மாதிரி ஒன்று வேண்டும் என்றார். சாவி வரைந்தேன், செங்கல் வரைந்தேன், கூரை மேல் பூனை வரைந்தேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒன்றும் யோசிக்காமல் கையைப் போனபடி விட்டேன். அம்மாதான் வந்தார். வரைந்து முடித்து, கடைசிப் படம் முதல் படத்தோடு ஒட்டுத் தெரியாமல் சேர்ந்து, அவர் தானாகக் குனிந்து அடுத்த துணியை எடுத்தபோது திரையை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். செத்துப்போனவரைக் கொண்டு வந்து வேலை வாங்கவில்லை அப்பா. மூன்று வருஷமாக அவர் நடக்கிற மாதிரியே எனக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்த மாதிரிதான் வந்துகொண்டிருந்தது.

துரைமார் துணி என்கிறீர்கள். கொடியை உற்றுப் பாருங்கள். அதில் பங்களாத் துணி ஒன்றுகூட இல்லை. என் பள்ளிச் சீருடை இருக்கிறது. உங்கள் பை கிழிந்த காக்கிக் கால்சட்டை இருக்கிறது.

லைன் மெதுவாக இருந்தால் காற்று அடித்துத் துணியெல்லாம் பறக்கும், அம்மா திரும்பப் பொறுக்கி ஆரம்பிப்பார். அதைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள். மூடினால் எல்லாம் முதலிலிருந்து. பொறுத்திருங்கள், திறக்கும்.

கார்மென்

*

சுங்கை சிப்புட்,
17 ஜூன் 2024

கார்மெனுக்கு,

உன் கடிதத்தை வாசிக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று. ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று கோபப்பட்டேன். வேகமாக வாசிக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

கால்சட்டையைப் பார்த்தேன். என்னுடையதுதான். என் கால்சட்டையை உலகம் பார்க்கும்படி தொங்கவிட்டிருக்கிறாய். அதற்குத் தனியாகத் திட்டுவேன்.

நீ சொன்னபடி மூடாமல் வைத்திருக்கிறோம். வேலை முடிந்து வருகிறவர்கள் கெபிப் பக்கம் வந்துவிடுகிறார்கள். ஸ்டூல் போட்டாயிற்று. யாராவது கோப்பி-ஓ கலக்கிக்கொண்டு வருகிறார்கள். போனை மாதா காலடியில் சாய்த்து வைத்து, சார்ஜ் இறங்கினால் லாரிக்காரப் பிச்சைமுத்து தன் லாரி பேட்டரியில் மாட்டிவிடுகிறான். கொடி நிறையப்போகிற நேரத்தில் காற்று வருகிறது. சட்டை பறக்கிறது. ஆடு வந்து பாவாடையைக் கடிக்கிறது. ஆட்டை நீ ஏன் வைத்தாய்? முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கிற மனுஷனைச் சிரிக்க வைப்பது மரியாதை இல்லை.

முந்தாநாள் பிச்சைமுத்து பொறுமை இழந்துவிட்டான்.

"அடச்சிட்டுத் திரும்பப் போடுவோம் லா. எவ்வளவு நேரம் துங்கு பண்ணிக் காத்துக் கெடக்குறது?"

வீரம்மா விடவில்லை. "யோவ், அக்கா துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கு. நீ பாட்டுக்குக் கதவ மூஞ்சில அடிப்பியா?"

"அது பொம்ம அக்கா."

"பொம்மையோ எதுவோ. உன் கல்யாணத்துக்கு வேட்டி வெளுத்துக் கொடுத்தது யாரு?"

அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி, "அக்காவுக்கு எப்பவும் அவசரம் கிடையாது. ஆனா எடுத்தத முடிக்காம விட்டதில்ல" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள். கத்தரின் இருக்கிற இடத்தில் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

இதை யார் செய்தது என்று வீரம்மா கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பக்கம் இன்னும் திறக்கவில்லை. உன் ஒபிசில் கேட்டுச் சொல்.

அப்பா

*

ஈப்போ,
21 ஜூன் 2024

அப்பா,

எரிக்கிடம் கேட்டேன். எல்லாம் சரியாக ஓடுகிறது, தோட்டத்தில் லைன் மோசமாக இருக்கும், பொறுக்கச் சொல் என்றார். அதுமட்டுமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒருவர்கூடத் திரையை மூடுவதில்லையாம். இந்தத் தொழிலில் இப்படி அவர் பார்த்ததே இல்லையாம். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லி எனக்காக கேக் வெட்டினார். மறக்க முடியாத படம் என்றால் இதுதான் என்றார். அம்மா இருந்திருந்தால் ஒரு துண்டைத் துணியில் முடிந்து உங்களுக்குக் கொண்டு வந்திருப்பார்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். தெரியாது என்று சொன்னீர்களாம். வீரம்மா அத்தை கேட்டு, ஊரே சுற்றி உட்கார்ந்திருக்க, என் அப்பா தெரியாது என்றாராம்.

காக்கிக் கால்சட்டைக்கு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். இதற்கு நான் திட்ட வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

கார்மென்

*

சுங்கை சிப்புட்,
2 ஜூலை 2024

கார்மென்,

மாசம் முடிந்தது. பக்கம் திறக்கவில்லை. நேற்று வீரம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுனில் இருக்கும் கம்பெனி ஒபிசுக்குப் போனேன். பிச்சைமுத்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டு போய் விட்டான். போய்ச் சேர ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தது அந்த ஒபிஸ்.

கவுண்டரில் சுபாஜினி என்று ஒரு நம்ம பெண். நல்லபடிதான் பேசினாள். "அங்கிள், உங்க லயத்துலேர்ந்து ஒரு பேருகூட வரலியே. வீடு வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னுல நெனச்சோம். டேட்டு முடிஞ்சிருச்சு" என்றாள்.

வீரம்மா போனை எடுத்துக் காட்டினாள். அப்போதும் உன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கொள். அந்தத் திரையில் ஒரு வட்டம் சுற்றியிருந்தால் நாங்கள் அன்றைக்கே கோபப்பட்டிருப்போம். பிச்சைமுத்து போனை வீசியிருப்பான். மறுநாளே லாரியில் ஏறி ஒபிசில் போய் நின்றிருப்போம். நாங்கள் கோபப்படத் தெரியாதவர்கள் இல்லை. நீ கத்தரினைக் கொண்டு வந்து நிறுத்தினாய். அவள் முகத்துக்காகப் பொறுத்தோம். அவளை நம்பி, கோப்பி குடித்துக்கொண்டு, ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வீட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மறக்க முடியாத மாதிரி செய்தாயாம். நீ எங்களுக்குக் கோபத்தை மறக்கடித்தாய். அதற்குத்தான் அவன் கேக் வெட்டினான்.

பொறுத்திருங்கள், திறக்கும் என்று எழுதினது நீ. யார் எழுதினது என்று சொல்லாமல் அந்த வரியை மட்டும் நான் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நேற்றுத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்ற வைத்ததை நான் மன்னிக்க மாட்டேன்.

சவரிநாதன்

*

ஈப்போ,
7 ஜூலை 2024

அப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்றே எரிக்கின் அறைக்குப் போய் லயத்து ஆட்களுக்கான பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் செய்யவே இல்ல கார்மென். கம்பெனிக்காரன் விவரமே அனுப்பல. பொத்தான மட்டும் வைக்கச் சொன்னான். அமுக்கினா என்ன காட்டுறது? 'பக்கம் இல்லை'ன்னு காட்டினா போன் பண்ணி உசுர வாங்குவாங்க. உங்கம்மாவ ஓட விட்டேன். ஒருத்தன் கம்ப்ளெய்ன் பண்ணல பாத்தியா?"

லைன் இல்லை அப்பா காரணம். வீடு வாங்க வருகிற புது ஆட்களுக்கு அம்மா கண் சிமிட்டுகிற நேரம் வந்து போவார். 'பழைய குடியிருப்பாளர்' பொத்தானை அமுக்கினவர்களுக்கு மட்டும் முடிவே கிடையாது. கொடி நிறையாது. நிறையக் கூடாது என்றுதான் வைத்திருந்தார்கள். காற்றையும் ஆட்டையும் நான் லைன் மெதுவாக இருக்கிற நேரத்துக்காக வரைந்தேன். அதை எடுத்து மூடின கதவில் ஒட்டிவிட்டார்கள்.

நீங்கள் எழுதினதில் பாதிக்கு நான் பொறுப்பு. பொறுங்கள் என்று சொன்னேன், திறந்து பார்க்காமல். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை அன்போடு வரைந்தது தப்பு இல்லை. அதைத் தப்பு என்று நீங்கள் நூறு கடிதம் எழுதினாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். பொத்தானுக்குப் பின்னால் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும். வீடு வாங்க வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று. அசையாத வெள்ளைத் திரையில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இதை மட்டும் எழுதினேன்: "லயத்துக் குடும்பங்களுக்கான பக்கம் இன்னும் செய்யப்படவில்லை. காத்திருக்க வேண்டாம். ஒபிசுக்கு நேரில் போங்கள்." கீழே ஒபிஸ் முகவரி. செய்தது யார் என்று கேட்டால் தேடிக் களைத்துப்போக வேண்டாம் என்று என் முழுப் பெயரையும் போட்டேன்.

மறுநாள் காலையில் அழித்துவிட்டார்கள். என்னையும்தான். மேசையைக் காலி பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குள் வீடு வாங்க நினைத்தவர்கள் நிறைய பேர் பார்த்து, பயந்து, கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் போங்கள். எல்லாரும் சேர்ந்து போங்கள். யாரும் பொறுமையாகப் பேசாதீர்கள்.

கார்மென்

*

சுங்கை சிப்புட்,
16 ஜூலை 2024

கார்மெனுக்கு,

போனோம். பிச்சைமுத்து லாரியில் சவுக்குக் கட்டைகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினான். கிழவிகளுக்கு ஸ்டூல், மற்றவர்கள் நின்றுகொண்டு. ஒபிஸ் வாசலில் பூச்செடித் தொட்டிகளை இடிக்கிற மாதிரி லாரியை நிறுத்தினான். இடித்தே விட்டான்.

உள்ளே ஏர்கான் குளிர். வீடு வாங்க வந்த சீனக் குடும்பம் ஒன்று, மலாய்க்காரக் குடும்பம் ஒன்று, சோபாவில் இருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் வீரம்மா அந்தச் சோபாவின் மீதி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்க வீடு வாங்காதீங்க, இவங்க குடுக்க மாட்டாங்க, பொம்மதான் காட்டுவாங்க" என்றாள். மலாய்க்கார அம்மா காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கழுத்துப்பட்டை கட்டின மேனேஜர் ஓடி வந்தார்.

நான் நன்றாகக் கத்தினேன். இத்தனை வருஷம் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை ஏவுகிற மண்டோர் கத்துவதைக் கேட்டதெல்லாம் வீண்போகவில்லை. முதலில் தேதி முடிந்துவிட்டது என்றார். பிறகு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். பிச்சைமுத்து லாரி ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு வாரம் நீட்டிக்கிறோம், இப்போதே காகிதத்தில் பதிகிறோம் என்றார்.

சுபாஜினி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வீரம்மாவுக்கு முத்திரை விழுந்தது. பிச்சைமுத்துவுக்கு விழுந்தது. அவன் பெண்டாட்டி அந்தக் காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டவில்லை. என் முறை வந்தது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு சுபாஜினி எழுதுவதை நிறுத்தினாள். மேனேஜரைப் பார்த்தாள். அவர் எங்கள் பக்கம் வந்து நின்றார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கிள், அந்தத் திரையில எழுதின பொண்ணு பேரு கார்மென் ஏ/பி சவரிநாதன். அப்பா பேரு உங்க பேரேதான். உங்களுக்குச் சொந்தமா? சொந்தக்காரங்க யாராவது வந்தா ஃபைலத் தனியா வைக்கச் சொல்லியிருக்காங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வீரம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "சவரிநாதன்னு பேராக் ஸ்டேட்டுல எத்தனையோ பேரு இருக்காங்க லா. எழுதும்மா நீ" என்றாள். சுபாஜினியும் பேனாவைத் திரும்ப எடுத்தாள். நல்ல பெண். நான் சும்மா இருந்திருந்தால் எழுதியிருப்பாள்.

"என் மகள்" என்றேன்.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மலாயிலும் சொன்னேன். அந்தத் துணி காயப்போட்ட பொம்மையையும் அவள்தான் செய்தாள், அது என் பெண்டாட்டி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். லயத்து ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரம்மாவுக்கு என் மேல் பயங்கரக் கோபம். "ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்தா செத்தா போயிருவீங்க?" என்று லாரியில் வரும்போது முழுக்கத் திட்டினாள். இறங்கும்போது மட்டும், "நம்ம கார்மெனா? எனக்கு மொதல்லயே தெரியும், உங்க வாயிலேர்ந்து வரணும்னு பாத்தேன்" என்றாள்.

என் காகிதத்தில் முத்திரை குத்தவில்லை. தனித் தட்டில் வைத்துவிட்டார்கள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். சுவர்ணா டீச்சருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் ஈப்போவில் இருக்கிறாராம். அவரைப் போய்ப் பார்ப்போம். அவர் முன்னாலும் கத்துவேன். வீடு வராமலும் போகலாம். ஆனால் நேற்றிலிருந்து எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அடுப்பு பற்றவைக்கும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

இதை வைத்துக்கொண்டு கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. கேட்காமல் வரைந்தது தப்புத்தான். என் கால்சட்டை விஷயம் அப்படியே இருக்கிறது. வேலை போனதும் நேரில் வந்து சொல்லாமல் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அது ஒன்று. நூறு கடிதம் எழுதினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாயாம். நூறும் எழுதுவேன், ஆனால் கை வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் இருப்பேன். நேரில் திட்ட நிறைய வைத்திருக்கிறேன். வழியில் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வா.

அப்பா